விண்டோவை இழுத்தால் பட்டன் எங்கே போகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்து பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு புரோகிராமைத் திறப்போம். அதன் விண்டோவின் வலது கீழ் மூலையில் மவுஸை வைப்போம். அம்புக்குறி இரண்டு பக்கமும் முனை உள்ளதாக மாறும். அப்படியே பிடித்து இழுப்போம். நோட்பேடாக இருந்தால் எழுதும் இடம் பெரிதாகும். விண்டோஸ் 10-ல் உள்ள கால்குலேட்டராக இருந்தால் எண் பட்டன்களும் சேர்ந்து பெரிதாகும். வேறு சில புரோகிராம்களில் விண்டோ மட்டும் பெரிதாகி, உள்ளே இருப்பவை எல்லாம் இடது மேல் மூலையில் பயந்து ஒடுங்கிய மாதிரி அப்படியே நிற்கும். மீதி இடம் வெறும் சாம்பல் நிறம்.

ஏன் இந்த வித்தியாசம்? விண்டோஸ் இதைத் தானாகச் செய்வதில்லை. புரோகிராம் எழுதியவர் சொல்லிக் கொடுத்தால்தான் பட்டன் நகரும். சொல்லிக் கொடுக்காவிட்டால் நகராது. நான் ஒரு முறை சொல்லிக் கொடுக்காமல் விட்டேன். அதனால் கோவிலம்பாக்கத்தில் ஒரு பையனின் சம்பளத்தில் 8,200 ரூபாய் போக இருந்தது. முதலில் அந்தக் கதை, பிறகு பாடம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா கேன் தண்ணீர் ஏஜென்சி வைத்திருக்கிறார். கோவிலம்பாக்கம், எஸ். கொளத்தூர், நன்மங்கலம் பக்கம் வீடுகளுக்கு 20 லிட்டர் கேன் போடுகிறார்கள். போர் தண்ணீரைக் குடிக்க முடியாத பகுதி என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. கணக்கு மட்டும் நோட்டில் குழம்பிக் கிடந்தது. நான் விஷுவல் பேசிக்கில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மேலே வாடிக்கையாளர் பெயர், முகவரி, எத்தனை கேன். பக்கத்தில் 'சேர்' என்ற பட்டன். நடுவில் அன்றைய பட்டியல். அடியில் 'திரும்பி வந்த காலி கேன்' என்று ஒரு கட்டம், அதற்கும் கீழே 'சேமி' என்ற பட்டன்.

தினமும் ஒரு கேன் கொடுத்து ஒரு காலி கேன் வாங்குவது மேல் பகுதியிலேயே முடிந்துவிடும். கீழே உள்ள கட்டம் விசேஷ வீடுகளுக்காக. வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று மொத்தமாக எடுப்பவர்கள், வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் இவர்களிடமிருந்து பிறகு வரும் கேன்களை அங்கே போட வேண்டும். ஒரு கேனுக்கு 200 ரூபாய் டெபாசிட் என்று அக்கா கணக்கு.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் அக்கா கூப்பிட்டார். "தம்பி, 41 கேன் கணக்குல இல்ல. பையன் கொண்டாந்து போட்டேங்கிறான். உன் புரோகிராம்ல வரலயே. சம்பளத்துல புடிக்கப் போறேன், அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீ பாத்துடு" என்றார். வளைகாப்பு வீட்டில் 15, கிரகப்பிரவேச வீட்டில் 20, காலி செய்து போன ஒரு குடித்தனத்தில் 6. பையன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். ஒன்றும் பேசவில்லை.

அக்காவை ஒரு கணக்கு போடச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தேன். கட்டத்தில் 6 என்று அடித்தார். என்டர் தட்டினார். 'டிங்' என்று சத்தம் வந்தது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார். "சேமி பட்டனை அமுக்கலயே அக்கா" என்றேன். "எந்தப் பட்டன்? அதான் டிங்குன்னு சத்தம் வருதே" என்றார்.

பட்டன் ஸ்கிரீனில் இல்லை.

அந்த 'டிங்' சேமித்ததற்கான சத்தம் அல்ல. ஒரு வரி டெக்ஸ்ட் பாக்ஸில் என்டர் தட்டினால், என்ன செய்வது என்று புரோகிராமுக்குச் சொல்லப்படாதபோது விண்டோஸ் எழுப்பும் மறுப்புச் சத்தம் அது. நமக்கு அது மறுப்பு என்று தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான்

அக்காவின் லேப்டாப், 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிற்பாடு அவர் மகளுக்குப் பள்ளியில் கிடைத்தது. அதன் ஸ்கிரீன் அகலம் 1366 புள்ளி, உயரம் 768 புள்ளி. புள்ளி என்று நான் சொல்வது பிக்சலை. என் வீட்டில் இருக்கும் மானிட்டரோ 1920-க்கு 1080. நான் என் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு 640 புள்ளி உயரத்தில் விண்டோவை வரைந்தேன். 768-ல் 640 அடங்கும் அல்லவா? அடங்கியது. டாஸ்க்பாருக்கு 40 போனாலும் 728 மிச்சம். அதனால்தான் மூன்று மாதம் ஓடியது.

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள், அம்மா கண்ணைச் சுருக்கிப் படிப்பதைப் பார்த்திருக்கிறாள். டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக் செய்து, டிஸ்பிளே செட்டிங்ஸ் போய், ஸ்கேல் என்ற இடத்தில் 100 சதவீதத்தை 125 ஆக்கிவிட்டாள். நல்ல காரியம்தான். எழுத்து கால் பங்கு பெரிதாகிவிட்டது. ஆனால் ஸ்கிரீன் பெரிதாகவில்லையே! எழுத்தும் பட்டனும் பெரிதானால், அதே ஸ்கிரீனில் அடங்குபவை குறையும். 768-ஐ 1.25-ஆல் வகுத்துப் பாருங்கள், 614 வரும். அதில் டாஸ்க்பாருக்கு 40 போனால் 574. என் விண்டோவில் காலி கேன் கட்டம் தலையிலிருந்து 545-ல் தொடங்கி 570-ல் முடிகிறது. கட்டம் தப்பித்தது. 'சேமி' பட்டன் 590-ல் தொடங்குகிறது. அது டாஸ்க்பாருக்கு அடியில் போய்விட்டது. மேக்ஸிமைஸ் செய்தாலும் மேலே வரவில்லை, ஏனென்றால் வரச் சொல்லி நான் எழுதவில்லை.

4 புள்ளி வித்தியாசத்தில் கட்டம் தெரிந்ததுதான் வினை. கட்டமும் மறைந்திருந்தால் அக்கா அன்றே எனக்கு போன் செய்திருப்பார்.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு இங்கேயே ஒரு குறிப்பு. எந்த புரோகிராமிலாவது இப்படி அடிப்பக்கப் பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விட்டால், விண்டோ மேக்ஸிமைஸ் ஆகாமல் இருக்கும்போது ஆல்ட் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்ன மெனு வரும். 'எம்' என்ற எழுத்தை அழுத்திவிட்டு, கீபோர்டில் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருங்கள். விண்டோ ஸ்கிரீனின் தலைக்கு மேலே ஏறும், மறைந்த பட்டன் கீழிருந்து வெளியே வரும். மவுஸால் இப்படி ஏற்ற முயன்றால் பெரும்பாலும் விண்டோ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கீபோர்டுதான் சரி.

பட்டனின் முகவரி

இனி பாடம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனி நபர்களுக்கு இலவசம். அதை நிறுவி, விஷுவல் பேசிக் மொழியில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் புராஜெக்ட் ஒன்றைத் திறந்தால், வெறுமையாக ஒரு ஃபார்ம் வரும். ஃபார்ம் என்பது நாளை விண்டோவாகப் போகும் தாள். டூல்பாக்ஸிலிருந்து ஒரு பட்டனை எடுத்து அதில் போடுங்கள். பிறகு எஃப்5 கீயை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். விண்டோவை இழுத்துப் பெரிதாக்குங்கள். பட்டன் அசையாது.

காரணம் எளிது. பட்டனுக்கு இரண்டே எண்களில் ஒரு முகவரி இருக்கிறது. இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி, மேல் ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி. பள்ளியில் வரைபடத் தாளில் மேலே போகப் போக எண் கூடும். இங்கே கீழே போகப் போகக் கூடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். வலது ஓரமும் கீழ் ஓரமும் எங்கே இருக்கின்றன என்று பட்டனுக்குத் தெரியவே தெரியாது. அவை நகர்ந்தால் அதற்கென்ன?

முன்பு இதற்கு ஒரே வழி, நாமே கணக்குப் போடுவதுதான். 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் நான் கற்றுக்கொண்டபோது, விண்டோவின் அளவு மாறும்போதெல்லாம் ஓடும் ரீசைஸ் என்ற நிகழ்ச்சியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கழித்தல் கணக்கு எழுதுவோம். விண்டோவின் அகலத்தில் பட்டனின் அகலத்தைக் கழி, ஓரத்துக்கு 120 கழி, அங்கே பட்டனை வை. 120 என்றால் புள்ளி அல்ல, ட்விப் என்ற அளவு. ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். எல்லாம் நன்றாக ஓடும், யாராவது விண்டோவை மினிமைஸ் செய்யும் வரை. மினிமைஸ் ஆனதும் விண்டோவின் உள் அகலம் சுருங்கிப்போகும். அதிலிருந்து கழித்தால் பெட்டியின் அகலத்துக்கு மைனஸ் எண் வரும். 380 என்ற எண்ணுடன் எர்ரர் வந்து புரோகிராம் மூடிக்கொள்ளும். ஒரு கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்ததும் அது தீப்பிடித்த மாதிரி!

அதே 1998-ல் போர்லாண்டின் டெல்ஃபி 4 வேறு வழி காட்டியது. கணக்கு எழுத வேண்டாம், எந்த ஓரத்தோடு கட்டிவைப்பது என்று மட்டும் சொன்னால் போதும். பெயர் ஆங்கர், நங்கூரம். 2002-ல் டாட் நெட் வந்தபோது விஷுவல் பேசிக்கிலும் இது சேர்ந்தது.

நான்கு கயிறுகள்

பட்டனை ஒரு முறை க்ளிக் செய்து எஃப்4 அழுத்துங்கள். பிராப்பர்டீஸ் விண்டோ வரும். அதில் ஆங்கர் என்ற வரியைத் தேடி, பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். நடுவில் ஒரு கட்டமும் அதன் நான்கு பக்கமும் நான்கு கோடுகளும் கொண்ட சிறு படம் வரும். மேலேயும் இடதுபுறமும் உள்ள கோடுகள் கருத்திருக்கும். கருத்த கோடு என்றால் அந்தப் பக்கம் கயிறு கட்டியாகிவிட்டது. க்ளிக் செய்தால் கட்டலாம், மறுபடி க்ளிக் செய்தால் அவிழ்க்கலாம்.

இந்தக் கயிறு நீளவும் நீளாது, சுருங்கவும் சுருங்காது. இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே வரும். கீழேயும் வலதுபுறமும் கட்டி, மற்ற இரண்டையும் அவிழ்த்துவிட்டால், பட்டன் வலது கீழ் மூலையோடு கூடவே போகும். இடது, வலது இரண்டிலும் கட்டினால்? இரண்டு கயிறும் நீளாது, ஓரங்களோ விலகுகின்றன. எனவே நடுவில் இருக்கும் பெட்டிதான் நீண்டாக வேண்டும். டெக்ஸ்ட் பாக்ஸ் அகலமாவது இப்படித்தான். நான்கு பக்கமும் கட்டினால் இரண்டு வாக்கிலும் வளரும். நான்கையும் அவிழ்த்துவிட்டால் மறைந்துவிடுமா என்று பயப்பட வேண்டாம். விண்டோ 100 புள்ளி வளர்ந்தால் அது 50 புள்ளி நகரும். நடுவில் வைத்தது நடுவிலேயே இருக்கும்.

அக்காவின் 'சேமி' பட்டனுக்குக் கீழ், வலது என்று இரண்டு கயிறு கட்டியிருந்தால் போதும். மேக்ஸிமைஸ் செய்தவுடன் 574 புள்ளி உயரத்துக்குள் அது ஏறி வந்திருக்கும். மவுஸில் சில க்ளிக் வேலை. அதற்குத்தான் அந்தப் பையன் வாசலில் நின்றான்.

எல்லோரும் செய்யும் தவறு

ஆங்கரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எல்லாப் பெட்டிகளுக்கும் இடது வலது இரண்டும் கட்டிவிடுவோம். நானும் செய்தேன். என்ன ஆகும் என்று எண்களோடு பாருங்கள்.

ஃபார்மின் அகலம் 800. பெயர் பெட்டி 100-ல் தொடங்கி 380-ல் முடிகிறது. பக்கத்திலேயே முகவரிப் பெட்டி 400-ல் தொடங்கி 780-ல் முடிகிறது. இடையில் 20 புள்ளி இடைவெளி, பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது விண்டோவை 1000 ஆக்குங்கள். பெயர் பெட்டியின் வலது கயிற்றின் நீளம் 420. எனவே அதன் வலது முனை 1000-லிருந்து 420 தள்ளி, 580-ல் நிற்கும். முகவரிப் பெட்டியின் இடது கயிறு 400-லேயே பிடித்துவைத்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று 180 புள்ளி ஏறிக்கொள்ளும். பெயரை அடித்தால் பாதி முகவரிக்கு அடியில் மறையும்.

குற்றம் கயிற்றின் மேல் இல்லை. ஆங்கருக்கு விண்டோவின் ஓரம் மட்டும்தான் தெரியும், பக்கத்து வீட்டைத் தெரியாது. ஒரே வரிசையில் ஒரு பெட்டியை மட்டும் நீள விடலாம், மற்றவற்றை நகர மட்டும் விட வேண்டும். இரண்டும் நீளத்தான் வேண்டும் என்றால் ஆங்கர் போதாது. 2005-ல் வந்த டேபிள் லேஅவுட் பேனல் என்ற கருவி வேண்டும்.

இது கண்ணுக்குத் தெரியாத ஒரு அட்டவணை. பத்திகளும் வரிசைகளும் இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பொருளை வைக்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் அகலத்தை மூன்று விதமாகச் சொல்லலாம். ஆப்சலூட் என்றால் இத்தனை புள்ளி, மாறாது. ஆட்டோசைஸ் என்றால் உள்ளே இருப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. பர்சென்ட் என்றால் மிச்சத்தில் இத்தனை சதவீதம். நான் பெயர்ப் பலகைகளின் பத்திகளை ஆட்டோசைஸ் ஆக்கினேன். பெயர் பெட்டிக்கு 40 சதவீதம், முகவரிக்கு 60. கேன் எண்ணிக்கைப் பெட்டிக்கு ஆப்சலூட் 60 புள்ளி. மூன்று இலக்க எண்ணுக்கு அதற்கு மேல் எதற்கு? விண்டோவை எவ்வளவு இழுத்தாலும் இப்போது பெட்டிகள் மோதுவதில்லை.

ஒரு சின்ன நுணுக்கம். பெயர்ப் பலகையும் பெட்டியும் ஒரே மட்டத்தில் நிற்காமல், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் தெரிகிறதா? இந்த அட்டவணைக் கட்டத்துக்குள் வைத்த லேபிளுக்கு ஆங்கரில் இடது மட்டும் கட்டி, மேல் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பெட்டிக்கு இடதும் வலதும் மட்டும் கட்டுங்கள். மேலும் கீழும் கட்டு இல்லாததால் இரண்டும் வரிசையின் நடு உயரத்தில் வந்து நிற்கும். புள்ளிக் கணக்கு பார்த்துக் கண் வலிக்க ஒட்டவைக்க வேண்டியதில்லை.

மூன்று பட்டைகள்

புதிதாகச் செய்தபோது முழு விண்டோவையும் மூன்று பட்டைகளாகப் பிரித்தேன். இதற்கு டாக் என்ற பிராப்பர்டி. மேலே ஒரு பேனல், அதன் டாக் டாப். கீழே ஒரு பேனல், அதன் டாக் பாட்டம். நடுவில் பட்டியல், அதன் டாக் ஃபில். பழைய வீட்டில் முன்னால் திண்ணை, பின்னால் கிணற்றடி, நடுவில் கூடம் என்று இருக்குமே, அது மாதிரி. மனையை நீட்டினால் கூடம் மட்டும் நீளும். சுருக்கினால் கூடம்தான் சுருங்கும். திண்ணையும் கிணற்றடியும் அளவு மாறாமல் இருக்கும்.

காலி கேன் கட்டமும் 'சேமி' பட்டனும் இப்போது கீழ்ப் பட்டைக்குள், ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில். இனி கட்டம் தெரிந்தால் பட்டனும் தெரியும். ஒன்று மட்டும் மறைய வழியில்லை. உண்மையில் ஆங்கரைவிட இந்த ஒரு மாற்றம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைக்கான பொருள்களைப் பிரித்து வைத்தது என் முதல் பிழை.

டாக் செய்யும்போது நடுப் பட்டியலின் தலைப்பு வரி மேல் பட்டைக்கு அடியில் போய் மறைகிறதா? புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பட்டியலின் மேல் ரைட் க்ளிக் செய்து, பிரிங் டு ஃப்ரண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கி, முன்னால் இருப்பவருக்குக் கடைசியில் மிச்சத்தைக் கொடுப்பது விண்டோஸ் ஃபார்ம்ஸின் வழக்கம். மிச்சத்தை எடுத்துக்கொள்பவர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

ஃபார்மின் மினிமம் சைஸ் என்ற பிராப்பர்டியில் ஒரு குறைந்தபட்ச அளவும் கொடுத்தேன். அதற்குக் கீழே யாரும் சுருக்க முடியாது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெரிய மானிட்டரில் உட்கார்ந்துகொண்டு தாராளமாக 900-க்கு 700 என்று கொடுத்துவிட்டால், சின்ன ஸ்கிரீனில் பட்டன் மறுபடியும் வெளியே போய்விடும், இந்த முறை சுருக்கவும் விடாது! நான் 640-க்கு 420 கொடுத்தேன். பட்டியலில் நான்கைந்து வரி தெரிந்தால் போதும், மற்றதைச் சுருட்டிப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்து கேட்கும் இடம்

தமிழில் புரோகிராம் செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல் தமிழில் இரண்டு மடங்கு இடம் கேட்கும். 'திரும்பி வந்த காலி கேன்' என்ற லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆங்கிலப் பெயர் வைத்து அளவு பார்த்து, பிறகு தமிழ் ஆக்கினால் அது பக்கத்துக் கட்டத்தின் அடியில் போய் நுழையும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வந்த லதா எழுத்துரு அகலமானது. விண்டோஸ் 8-லிருந்து வரும் நிர்மலா யுஐ அதைவிட நெருக்கமானது. எழுத்துருவை மாற்றினாலே அளவு மாறிவிடும்.

உயரத்திலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் உயரத்தில் லேபிளை இறுக்கமாக வைத்தால் மேலே உள்ள புள்ளி வெட்டுப்படும். 'கேன்' என்பது 'கேன' ஆகிவிடும். 'கூ', 'மூ' போன்ற எழுத்துகளுக்குக் கீழே வாலும் போய்விடும். எனவே லேபிளின் ஆட்டோசைஸை ட்ரூ என்றே விடுங்கள். அட்டவணையின் பத்தியும் ஆட்டோசைஸ் ஆக இருந்தால், லேபிள் வளர வளரப் பக்கத்துப் பெட்டி தானே விலகிக்கொள்ளும்.

லினக்ஸ் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். க்யூட்டி, ஜிடிகே என்ற அங்குள்ள கருவிகளில் புள்ளி முகவரி போடுவதே வழக்கமில்லை. தொடக்கத்திலிருந்தே பெட்டிக்குள் பெட்டி என்று அடுக்கும் பழக்கம். ஜாவாவும் 1996-ல் வந்தபோதே லேஅவுட் மேனேஜரோடுதான் வந்தது. கேடிஇ போன்ற டெஸ்க்டாப்புகளைத் தன்னார்வலர்கள் தமிழாக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸில் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் மெனுக்கள் வந்ததும் இந்த அடித்தளத்தில்தான். மொழிபெயர்ப்பவர் சொல்லை மாற்றினால் போதும், ஒவ்வொரு விண்டோவையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

கொடுப்பதற்கு முன்னால் சோதனை

உங்கள் மானிட்டரில் நன்றாகத் தெரிந்தால் அது சோதனை அல்ல. டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கேலை 125-லும் 150-லும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ரெசல்யூஷனை 1366-க்கு 768 ஆக்கிப் பாருங்கள். விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ பாதி ஸ்கிரீனில் ஒட்டிக்கொள்ளும். 1366-ல் பாதி 683. அந்த அகலத்திலும் எல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மவுஸைத் தொடாமல் டாப் கீயையும் என்டரையும் மட்டும் வைத்து ஒரு கணக்கைச் சேமித்துப் பாருங்கள்.

அந்த என்டர் விஷயத்துக்கும் பரிகாரம் உண்டு. ஃபார்மின் பிராப்பர்டீஸில் அக்செப்ட் பட்டன் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே எந்தப் பட்டனின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறோமோ, என்டர் தட்டினால் அது அழுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். 'டிங்' வராது. ஆனால் ஒரு ஃபார்முக்கு ஒரு நேரத்தில் ஒரு அக்செப்ட் பட்டன்தான். என்னிடம் 'சேர்', 'சேமி' என்று இரண்டு. கர்சர் மேல் பட்டையில் இருக்கும்போது 'சேர்', கீழ்ப் பட்டைக்கு வந்ததும் 'சேமி' என்று மாற்ற இரண்டு வரி நிரல் எழுதினேன். சேமித்ததும் பட்டனுக்குப் பக்கத்திலேயே 'சேமிக்கப்பட்டது' என்று எழுத்தில் வரும்படியும் செய்தேன். சத்தத்தை நம்பி இனி யாரும் கணக்கு எழுத வேண்டாம்.

அன்றைக்கு அக்கா வீட்டில் இதெல்லாம் விளக்க நேரமில்லை. முதலில் ஸ்கேலை 100-க்கு மாற்றிக் காட்டினேன். 'சேமி' பட்டன் டாஸ்க்பாருக்கு மேலே வந்து நின்றது. பையன் தன் சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தான். வளைகாப்பு வீடு 15, கிரகப்பிரவேசம் 20, அந்தக் குடித்தனம் 6, தேதியோடு எழுதி வைத்திருந்தான். மூன்றையும் போட்டுச் சேமித்தோம். பாக்கி பூஜ்யம் ஆனது. அக்கா சிறிது நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள வாடா, சாப்ட்டுப் போ" என்றார்.

புது வடிவத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கொடுத்தேன். ஸ்கேல் மறுபடி 125 ஆகிவிட்டது, எழுத்து பெரிதாக இருந்தால்தான் அக்காவுக்குப் படிக்க வசதி. பையன் மட்டும் அந்த நோட்டை இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.